நோவாவின் விதவைக்கு ஒரு பெயர் இருந்தது

பட்டாணியை முந்தின நாளே ஊறப்போட வேண்டும். இந்தச் சங்கதிகூடத் தெரியாத எட்டுப் பேர் கமிட்டியாகக் கூடி உட்கார்ந்து எங்கள் குடும்பத்தின் பெருமையை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

எட்டுப் பேருக்கும் தலைவர் என் பெரியப்பா மகன் ராய் ஃபாக்சால். இங்கிலாந்தில் எங்கள் நெதர்லோ ஊர் வரலாற்றுச் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், தேநீர் இடைவேளையை அறிவிப்பவர் எல்லாம் அவர்தான். வேலையில் இருந்தவரை வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டர் பார்த்தார். ஓய்வு பெற்றதும் செத்துப்போனவர்களைத் தேட ஆரம்பித்தார். இணையத்தில் அவர் போட்டு வைத்திருக்கும் வம்சாவளியில் ஆயிரத்து நானூறு பேர் இருக்கிறார்கள். அத்தனை பேரிலும் அவருக்குச் செல்லம் ஒருவர்தான், எங்கள் தாத்தாவின் தாத்தா நோவா ஃபாக்சால்.

நோவா விக்டோரியா மகாராணி காலத்தில் எங்கள் ஊரில் பப் நடத்தியவர். 'ஏழு நட்சத்திரம்' என்ற அந்தப் பப் இன்றைக்கும் சேப்பல் தெருவில் இருக்கிறது. 1879 குளிர்காலத்தில் இரும்பாலை முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களை வெளியே தள்ளி ஆலைக் கதவைப் பூட்டினார்கள். பதினொரு வாரம் பூட்டிய கதவு திறக்கவில்லை. அந்தப் பதினொரு வாரமும் ஏழு நட்சத்திரத்தில் தினம் அறுபது குழந்தைகளுக்குப் பட்டாணி சூப் ஊற்றினார்கள். 'ஃபாக்சாலின் ஏழு நட்சத்திரத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, பீர் காய்ச்சும் செப்பு அண்டாவிலேயே சூப் கொதிக்கிறது' என்று அந்தக் காலத்துச் செய்தித்தாளில் வந்திருக்கிறது. ராய் அந்தத் துணுக்குக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்.

சென்ற வருஷம் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை பப்பின் முகப்பில் நோவாவின் பெயர் பொறித்த நீல நினைவுத் தகடு பதிப்பதாக ஏற்பாடு. மேயர் வருவார். பள்ளிப் பிள்ளைகள் அறுபது பேர் வருவார்கள், பழையபடியே அவர்களுக்குச் சூப் கொடுக்க வேண்டும். பிப்ரவரியில் ராய் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நம்ம ஏவ்ரில், அறுபது புள்ளைங்களுக்கு சூப் வெக்கணும். உன்னை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"

"கமிட்டியில மட்டும் என்னைச் சேத்துக்கலியே ராய்."

"அங்க உக்காந்து நீ என்ன பண்ணப்போற? எல்லாம் பேப்பர் வேலை. நீ சமையல்காரியாச்சே."

சமையல்காரிதான். நெதர்லோ ஆரம்பப் பள்ளியில் இருபத்தேழு வருஷம் மதியச் சாப்பாடு சமைத்தவள். வேலையை விட்டு வரும்போது பள்ளியில் ஒரு வாழ்த்து அட்டை கொடுத்தார்கள். 'எங்கள் சாப்பாட்டம்மாவுக்கு' என்று எழுதியிருந்தது. என் பெயரை எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். அது பொய்.

சூப்புக்கு என்னென்ன வேண்டும் என்று எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அறுபது பிள்ளைகளுக்கு என்றால் பட்டாணியை முந்தின நாள் மத்தியானமே ஊறவைக்க வேண்டும். விடிவதற்குள் அடுப்பை மூட்டி, பன்றிக்கால் எலும்பைப் போட்டு, நாலு மணி நேரம் அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பதினொரு வாரம், தினமும். நோவா யார்? இரும்பு உருக்கும் உலையில் வேலை செய்துகொண்டே பப்பையும் வைத்திருந்தவர். கதவடைப்பில் வேலை இல்லையே, வீட்டில்தானே இருந்திருப்பார் என்று நீங்கள் கேட்கலாம். 1980களில் எங்கள் ஊர் ஆலை ஒரேயடியாக மூடியபோது வேலை போன ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா எட்டு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். கரண்டியைப் பிடித்துக் கிண்டியது என் அம்மா.

நான் ராயைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"ராய், நோவாவோட பொண்டாட்டி பேரு என்ன?"

"இரு, பாத்துச் சொல்றேன்." விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. "திர்சா. பொறந்தது 1838. அவ்வளவுதான் இருக்கு."

"மக்கள்தொகைக் கணக்குல அவ என்ன வேலைன்னு போட்டிருக்கு?"

"1871 கணக்குல ஒண்ணும் போடல. அந்தக் கட்டத்துல ஒரு கோடு இழுத்திருக்கான்."

"நோவா எப்ப செத்தாரு?"

"1880 பிப்ரவரி. கதவடைப்பு முடிஞ்ச மறு வருஷம். ஊர்ப் புள்ளைங்களுக்குச் சோறு போட்டே ஓஞ்சு போயிட்டாரு, பாவம் மனுஷன்." ராய் மூக்கை உறிஞ்சினார்.

ஆயிரத்து நானூறு பேரைத் தேடிப் பிடித்தவர், அந்தக் கோட்டுக்குப் பின்னால் யார் இருக்கிறாள் என்று ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை பஸ் பிடித்து ஆவணக் காப்பகத்துக்குப் போனேன்.

அங்கே பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். பதிவேட்டை மெத்தை மேல் வைத்துத் திறந்து கொடுத்தார்கள். பப்களுக்கு உரிமம் கொடுத்தவர்கள் மாஜிஸ்திரேட்டுகள். உரிமம் கை மாறினால் அவர்களுடைய புத்தகத்தில் ஒரு வரி விழும். ராய் அந்தப் புத்தகத்தைத் தொட்டதே இல்லை, ஏனென்றால் அது இணையத்தில் இல்லை. 1879இலிருந்து பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனேன். 1876 செப்டம்பரில் கிடைத்தது. 'ஏழு நட்சத்திரம், சேப்பல் தெரு. காலஞ்சென்ற நோவா ஃபாக்சாலிடமிருந்து அவருடைய விதவை திர்சா ஃபாக்சாலுக்கு.'

நோவா போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்துத்தான் ஆலைக் கதவே பூட்டப்பட்டது. கல்லறையிலிருந்து எழுந்து வந்தா சூப் கிண்டினார்? நான் வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரர் முறைத்தார்.

ராய் எங்கே சறுக்கினார் என்பதும் அன்றைக்கே புரிந்தது. எங்கள் ஆட்கள் மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். ஒவ்வொரு மகன் வீட்டிலும் அப்படியே வைத்ததில், ஒரே காலத்தில் ஒரே ஊரில் நாலு நோவா ஃபாக்சால்கள் திரிந்திருக்கிறார்கள். 1880இல் புதைக்கப்பட்டவர் இரும்பை அடித்து ஆணி செய்யும் வேறொரு நோவா. ராய் அவரைத் தூக்கி எங்கள் வீட்டுக் கல்லறையில் போட்டுவிட்டார். வியாபாரிகளின் பெயர்ப் புத்தகத்தில் 1880 வரை ஏழு நட்சத்திரத்துக்கு நேரே நோவா பெயரே இருந்ததால் அவருக்குச் சந்தேகமும் வரவில்லை. அந்தப் புத்தகம் போட்டவர்கள் போன வருஷத்துப் பக்கத்தையே பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

பென்சிலில் எழுதியதைக் கொண்டுபோய் ராயின் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். "இது வேற நோவா."

"பப் அதே பப்புதானே? தெரு அதே தெருதானே?"

"எழுதினவன் தப்பா எழுதியிருப்பான். நம்ம ஏவ்ரில், நீ இதுக்குப் புதுசு. நான் பதினெட்டு வருஷமா இதுல இருக்கேன்."

"பதினெட்டு வருஷமா தப்பான ஆளுக்குப் பூ வெச்சிட்டு இருக்கே."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். தகடு வார்க்கக் கொடுக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் திர்சாவின் பெயர் அதில் ஏறியாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இறப்புச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டேன். பத்து நாளில் நகல் வந்தது. நோவா ஃபாக்சால், வயது நாற்பத்தொன்று, உலைத் தொழிலாளி, பப் உரிமம் உள்ளவர், ஏழு நட்சத்திரம், சேப்பல் தெரு. 1876 ஆகஸ்ட் பத்தொன்பது, நுரையீரல் நோய். இனி வேறு நோவா என்று எவரும் வாய் திறக்க முடியாது. கடைசிக் கட்டத்தில் தகவல் கொடுத்தவர் யார் என்று இருந்தது. 'திர்சா ஃபாக்சால், விதவை, மரணத்தின்போது உடனிருந்தவர்.' அதற்குப் பக்கத்தில், அவளுக்கு எழுதத் தெரியாததால் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியைப் பார்த்து நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு நான் வீட்டில் இருக்கவில்லை. தேவாலயப் பதிவு, செய்தித்தாள், உரிமப் புத்தகம் என்று அலைந்து திர்சாவைத் துண்டு துண்டாகச் சேர்த்தேன். ஆணி செய்பவரின் மகள். ஏழு வயதில் அப்பாவின் பட்டறையில் ஆணி செய்ய உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பதில் கல்யாணம். ஒன்பது பிள்ளைகளைப் பெற்று நாலைப் புதைத்தாள். பப்பின் பின்கட்டில் பீர் காய்ச்சியது அவள்தான். பகலெல்லாம் உலையில் நின்றவன் எப்படிக் காய்ச்சியிருப்பான்? கதவடைப்பின்போது பீர் வாங்க ஆளில்லை, செப்பு அண்டா சும்மா கிடந்தது, அதில் பட்டாணியைக் கொட்டினாள். உரிமத்தில் நோவா. செய்தித்தாளில் 'ஃபாக்சால்'. அவளுடைய கட்டத்தில் கோடு. புருஷன் இருந்தவரை சட்டப்படி அவள் அந்தப் பப்பில் ஒன்றுமே இல்லை. விதவையானதும்தான் அவளுக்குப் பெயரே கிடைத்தது. என்ன நியாயம் இது?

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது 1877 மார்ச் செய்தித்தாளில் வந்த கோர்ட் செய்தி. உரிமம் யாருக்கு இருக்கிறதோ அவருடைய பெயர் வாசலுக்கு மேல் பலகையில் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். திர்சா ஆறு மாதமாகியும் நோவாவின் பெயரை மாற்றவில்லை. போலீஸ்காரர் வழக்கு எழுதிக்கொண்டு போய்விட்டார். ஏன் மாற்றவில்லை என்று மாஜிஸ்திரேட் கேட்டதற்கு அவள் சொன்ன பதிலை நிருபர் அப்படியே எழுதியிருக்கிறான்.

"பலகையில பொம்பளை பேரைப் பாத்தா ஆலைக்காரங்க உள்ள வரமாட்டாங்க ஐயா. அவரு பேரே இருக்கட்டும். என் பேரு எனக்குத் தெரியும்."

கோர்ட்டில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். அதையும் நிருபர் மறக்காமல் எழுதியிருக்கிறான். அவளுக்கு அபராதம் போட்டு அனுப்பினார்கள்.

நான் நேர்மையாக அதையும் ராயிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

"பாத்தியா!" என்று மேசையைத் தட்டினார். "அவளே நோவா பேருதான் வேணும்னு சொல்லிட்டாளே. அதை மாத்த நாம யாரு?"

"வேணும்னு சொல்லல ராய். அஞ்சு புள்ளைங்க வயித்தைக் கழுவ வேற வழி இல்லாமச் சொன்னா. உன் பேரை அழிச்சாத்தான் உனக்குச் சோறுன்னா நீ என்ன பண்ணுவே?"

"கத்தாத."

"கத்துவேன்."

நான் கடைசிக் காகிதத்தை எடுத்து வைத்தேன். 1882இல் திர்சா ஜோப் டாண்டி என்ற வண்டிக்காரரை மறுமணம் செய்துகொண்ட பதிவு. 1857இல் முதல் கல்யாணத்தில் பெருக்கல் குறி போட்டவள், விதவையாக ஆறு வருஷம் பப் நடத்திய பிறகு, நாற்பத்துநாலு வயதில், தன் பெயரைத் தானே எழுதியிருக்கிறாள். திர்சா ஃபாக்சால். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்திருந்தன, கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு அடுத்த மாதமே மாஜிஸ்திரேட்டுகள் உரிமத்தை ஜோப்பின் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கில் மறுபடியும் கோடு. கல்லறைக்கும் போய்ப் பார்த்தேன். 'ஜோப் டாண்டி, நெடுங்காலம் ஏழு நட்சத்திரத்தின் உரிமையாளர். உடன், மேற்படியாரின் மனைவி.' அவ்வளவுதான் வெட்டியிருக்கிறார்கள்.

ராய் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி சரி. தகட்டுல அவளையும் சேக்கறேன். இப்ப சந்தோஷமா?"

"பேரு வரும்ல?"

"அதான் சேக்கறேன்னு சொல்லிட்டேனே!"

நம்பினேன். போகும்போது அவருக்கு நன்றிகூடச் சொன்னேன், மடச்சி.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் பப்பின் சமையலறையில் பட்டாணியை ஊறப்போட்டேன். இப்போது பப் நடத்துவது டெனீஸ் கார்ட்ரைட், ஐம்பது வயதுக்காரி, பீர் பீப்பாயைத் தானே உருட்டிக்கொண்டு வருவாள். வாசலுக்கு மேலே சின்ன வெள்ளை எழுத்தில் அவள் பெயர் இருக்கிறது. எலும்புகளைக் கழுவிக்கொண்டே திர்சாவின் கதையை அவளுக்குச் சொன்னேன்.

"இன்னமும் அப்படித்தான் கண்ணு," என்றாள் டெனீஸ். "சரக்குக்காரன் போன் பண்ணினா, முதலாளிகிட்ட குடும்மாங்கறான். நான்தான்யா முதலாளின்னா, இல்ல உங்க வீட்டுக்காரரைக் கேட்டேங்கறான். வீட்டுக்காரன் ஓடிப்போயி பதிமூணு வருஷம் ஆச்சு."

சனிக்கிழமை காலை தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. சூப் தயார். பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஃபாக்சால் வம்சத்தில் நாற்பது பேராவது வந்திருந்தோம். தகடு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியில் தொங்கியது, மேலே நீலத் திரை. விழா முடிந்ததும் சுவரில் முடுக்குவதற்கு ஓர் ஆள் துளைக் கருவியோடு நின்றார். மேயர் கயிற்றை இழுத்தார், தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"1879 கதவடைப்பின்போது, நோவா ஃபாக்சாலின் விதவை, இந்த இடத்தில் ஊர்க் குழந்தைகளுக்கு உணவளித்தார்."

நோவா ஃபாக்சால் என்பது மட்டும் மற்ற எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ராய் எல்லாப் பக்கமும் திரும்பித் தலையசைத்தார்.

கையில் கரண்டி இருந்தது, அதை வைக்கவும் தோன்றவில்லை. நேரே போய் மேயர் முன்னால் நின்றேன்.

"மேயரய்யா, அந்த விதவை பேரு என்ன?"

அவர் தகட்டைப் பார்த்தார். கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். ராயைப் பார்த்தார்.

"உங்க யாருக்காவது தெரியுமா?" என்று எங்கள் வம்சத்தைப் பார்த்துக் கேட்டேன். அவள் ரத்தம் ஓடும் நாற்பது பேர். அவள் மூக்கோடு, அவள் பிடிவாதத்தோடு நின்ற நாற்பது பேர். ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தார்கள். யாரோ குடையை மடக்கினார்கள்.

ராய் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஏவ்ரில், உள்ள போ. சூப் அடிப்பிடிக்கப் போகுது."

"அடிப்பிடிக்காது. அடுப்பை அணைச்சிட்டுத்தான் வந்தேன். பேரு போடறேன்னு சொன்னியே ராய்?"

"சேக்கறேன்னு சொன்னேன், சேத்துட்டேன். அவ்வளவு சின்ன தகட்டுல இடம் வேணாமா? ஊருக்குத் தெரிஞ்ச பேரு நோவாதான்."

"நீ சொல்லித்தானே ஊருக்குத் தெரியும்! ஒரு புருஷன் கல்லுல 'மனைவி'ன்னு வெட்டினாங்க, நூத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு இன்னொரு புருஷன் தகட்டுல நீ 'விதவை'ன்னு வெட்டியிருக்கே. அவ ஆறு வருஷம் பாடுபட்டு எழுதக் கத்துக்கிட்டாளே, அந்தப் பேரை எங்கடா வெச்சீங்க?"

'டா' போட்டு நான் ராயைப் பேசியது அதுதான் முதல் தடவை. துளைக் கருவிக்காரர் சங்கடத்தோடு இயந்திரத்தைத் தூக்கினார், வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினால் போதும் என்று நினைத்திருப்பார்.

"அதைக் கீழ வைப்பா," என்றாள் டெனீஸ். கைகளைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து நின்றாள். "இது என் பப்பு, என் சுவரு. பேரில்லாத பொம்பளையை என் சுவத்துல மாட்ட விடமாட்டேன்."

தகட்டைக் கொக்கியிலிருந்து கழற்றி ராயின் கையில் கொடுத்தாள். அது நல்ல கனம் போலிருக்கிறது, ராய் தடுமாறினார். புதுத் தகடு வார்ப்பதைப் பற்றிக் கமிட்டி இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறதாம். பழையது அவருடைய கார் கொட்டகையில் இருக்கிறது.

வாசலில் அன்றைய சாப்பாட்டை எழுதும் கரும்பலகை ஒன்று சுவரோடு சேர்த்து அடித்திருக்கிறது. டெனீஸ் அதை ஈரத் துணியால் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புக் கட்டியை என்னிடம் நீட்டினாள். நான் எழுதினேன். திர்சா ஃபாக்சால், இந்தப் பப்பை நடத்தியவள். அவள் எழுதியது போலவே எழுத்துகள் சாய்ந்தன. வேண்டுமென்று செய்யவில்லை, ஈரப் பலகையில் சுண்ணாம்புக் கட்டி வழுக்கியதால் அப்படி வந்தது.

"மழை வந்தா போயிடும்," என்றார் ராய்.

"போனா மறுபடி எழுதுவேன்."

எங்கள் ஊரில் மழைக்குக் குறைச்சல் இல்லை. இதுவரை முப்பத்தொரு தடவை எழுதியாகிவிட்டது.